ஸ்மார்ட் போர்டு வாங்கும் முன் டீச்சர் சொல்வதையும் கேளுங்கள்



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாக ஒரே பேச்சு. நீங்கள் படித்த ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு எல்லோரும் சேர்ந்து ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரப் போகிறீர்கள். ஒன்றரை லட்சம் சேர்ந்துவிட்டதாகக் கணக்குப் பார்க்கும் தம்பி போட்டிருந்தார். "டீச்சர், நீங்க ஒண்ணுமே சொல்லலையே?" என்று இரண்டு பேர் தனியாகவும் கேட்டுவிட்டார்கள். குழுவில் நீளமாக எழுதினால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கொடுங்கள், நல்ல காரியம். ஆனால் அந்தப் பணத்தில் போர்டு வாங்காதீர்கள்.

டீச்சருக்கு வயசாயிடுச்சு, கம்ப்யூட்டர்னா ஆகாது என்று நினைக்க வேண்டாம். வகுப்பறைக்கு வந்த புதுப் பொருள் எதையும் நான் வேண்டாமென்று சொன்னதில்லை. இன்றைக்குப் பழசாகத் தெரிகிற கரும்பலகையே பல கிராமப் பள்ளிகளுக்கு மத்திய அரசின் திட்டம் மூலமாகத்தான் ஒழுங்காக வந்தது. 1987-ல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்குப் பெயரே கரும்பலகைத் திட்டம். அதில் ஒரு விஷயம் கவனியுங்கள். பலகை, வரைபடம், உலக உருண்டையோடு நிற்கவில்லை. பள்ளிக்குக் குறைந்தது இரண்டு ஆசிரியர் வேண்டும் என்பதும் அதே திட்டத்தில் இருந்தது. பொருளும் ஆளும் சேர்ந்தே வர வேண்டும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

இப்போது பள்ளிகளில் பொருளுக்கு அவ்வளவு பஞ்சம் இல்லை. 2018-ல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகம் கொடுத்தார்கள். பாட வீடியோக்களுக்கென 2023-ல் 'மணற்கேணி' செயலி வந்தது, வள்ளுவர் கல்வி அதிகாரத்தில் சொன்ன சொல்லையே பெயராக வைத்து. தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், 79,723 ஆசிரியர்களுக்குக் கைக்கணினி என்று அரசே திட்டம் போட்டுச் செய்திருக்கிறது. அந்தப் பள்ளிக்கு என்ன வந்திருக்கிறது, எது வேலை செய்கிறது, எது பீரோவில் பூட்டியிருக்கிறது என்று நம் குழுவில் யாராவது விசாரித்தீர்களா?

சரி, போர்டே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் என் கேள்வி ஒன்றுதான். அந்தக் கருவி முன்னால் குழந்தை என்ன செய்யும்? பார்த்துக்கொண்டு உட்காருமா, இல்லை வாயைத் திறந்து வாசிக்குமா, கையால் எழுதுமா, தப்புச் செய்து திருத்திக்கொள்ளுமா?

பார்ப்பது மட்டும் போதாது என்பதற்கு நம் கண் முன்னால் நடந்ததே சாட்சி. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. தொடங்கி வைத்த அன்றைய முதல்வர் நம் எடப்பாடிக்காரர். அடுத்த வருடமே கொரோனா வந்து பள்ளிகள் மூடியபோது அந்தத் தொலைக்காட்சி பெரிய உதவி. அதில் பாடம் எடுத்த ஆசிரியர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் டிவிக்குக் காது கிடையாது. பிள்ளைக்குப் புரிந்ததா என்று அதற்குத் தெரியாது. நம் பக்கத்தில் எத்தனை வீடுகளில் ஒரே அறையில் விசைத்தறி ஓடுகிறது! எத்தனை வீடுகளில் இருந்த ஒரே ஸ்மார்ட் போன் அப்பாவோடு லாரியில் நாக்பூர் போய்விட்டது!

1 முதல் 8 வரை வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திரும்பத் திறந்தன. அசர் என்ற கிராமப்புறக் கல்வி ஆய்வின் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்கக் கூடியவர்கள் 2018-ல் நூற்றுக்குப் பத்துப் பேர். அதுவே குறைவு. 2022-ல் அது ஐந்து பேருக்கும் கீழே போய்விட்டது.

அதிலிருந்து பிள்ளைகளை மீட்டதில் யாருக்குப் பங்கு? பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் குழுவினர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அப்படித் திரும்பி வந்ததில் கிட்டத்தட்ட கால் பங்குக்குக் காரணம் இல்லம் தேடிக் கல்வி. அதாவது, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, சாயங்காலத்தில் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்கச் சொன்ன நம் ஊர்ப் பெண்கள்.

கருவியே உதவாது என்று இதற்கு அர்த்தமில்லை. அதே கார்த்திக் முரளிதரன் குழு 2015-ல் டெல்லியில் இன்னொரு ஆய்வு செய்தது. பள்ளி விட்டபின் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினியில் ஒரு பயிற்சி. பிள்ளை எட்டாம் வகுப்பாக இருந்தாலும், அதற்குத் தெரிந்தது நான்காம் வகுப்புக் கணக்குதான் என்றால் அங்கிருந்தே தொடங்கும். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். அங்கேயும் பாதி நேரம் கணினி, மீதி நேரம் சின்னக் குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள்.

2022 ஜூனில் நம் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் வாசிப்பு மாரத்தான் நடத்தினார்களே, அது நினைவிருக்கிறதா? கூகுளின் ரீட் அலாங் செயலி. பிள்ளை சத்தமாக வாசிக்கும். செயலி கேட்டுக்கொண்டே இருந்து, தடுமாறிய சொல்லைச் சொல்லிக் கொடுக்கும். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரும் வாசிப்பதைத் தினமும் உட்கார்ந்து கேட்க ஓர் ஆசிரியரால் முடியாது. அந்த இடத்தில் செல்போன் உண்மையிலேயே கை கொடுக்கிறது.

அடுத்தது பராமரிப்பு. இதை நாமக்கல், திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. லாரியோ ரிக் வண்டியோ வாங்கும்போது டிரைவர், டயர், இன்சூரன்ஸ், எஃப்சி எல்லாம் கணக்குப் போட்டுத்தானே வாங்குகிறீர்கள்? பள்ளிக்கு வாங்கும்போது மட்டும் ஏன் திறப்பு விழாவோடு நின்றுவிடுகிறோம்? யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும். பாஸ்வேர்டு தெரிந்த ஆசிரியர் மாறுதலில் போய்விடுவார். ஏற்கெனவே எமிஸ் பதிவுகளிலேயே பாட நேரம் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் வருடக்கணக்கில் சொல்லி வருகின்றன. தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் கிராமப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தார்கள். 2012-ல் வந்த ஆய்வில் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் ஒரு முன்னேற்றமும் தெரியவில்லை.

"பிரைவேட் ஸ்கூல்ல இருக்கு, நம்ம பிள்ளைங்களுக்கும் இருக்கட்டுமே டீச்சர்" என்று லாரி பாடி கட்டும் தம்பி எழுதியிருந்தார். அந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது. காலையில் மஞ்சள் வேன் ஊருக்குள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறது. நம் பள்ளியில் வருடா வருடம் எண்ணிக்கை குறைகிறது. இப்படியே போனால் நீங்கள் படித்த பள்ளியே இருக்காது. போர்டைப் பார்த்து நாலு பேர் சேர்த்தால் நல்லதுதான். ஆனால் அடுத்த வருடமும் பிள்ளையை அங்கேயே விட வேண்டும் என்றால், அது பஸ் போர்டைத் தானாகப் படிப்பதை அம்மா பார்க்க வேண்டும்.

அதனால் என் யோசனை இது:

1. முதலில் இரண்டு பேர் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். என்ன இருக்கிறது, எது பழுது, எது தேவை என்று அவரிடமே கேளுங்கள்.

2. இருக்கிற கருவிகளுக்குப் பேட்டரி, பழுதுபார்ப்புச் செலவு என்று மூன்று வருடத்துக்கு ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

3. சாதாரண டேப்லெட் ஐந்து போதும். சத்தமாக வாசிக்க வைக்கிற செயலியை நெட் இல்லாமலும் ஓடும்படி போட்டுக் கொடுங்கள். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு முறை வைத்துத் தினமும் அரை மணி நேரம்.

4. ஊரிலேயே படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு மாதாமாதம் மரியாதையான தொகை கொடுத்துச் சாயங்கால வகுப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் சம்மதித்த பிறகு.

5. மீதியில் கதைப் புத்தகங்கள். பெரிய எழுத்தில், படம் போட்டவை.

உறவுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பேரப்பிள்ளை தானாகவே யூடியூப் போடுகிறான் என்று பெருமைப்படுகிறீர்கள். ராத்திரி அதே போனில் ஒரு கதையைத் திறந்து, அவனை உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறான் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில்தான் முடிவு. நீங்கள் எல்லோரும் சேர்ந்து போர்டுதான் என்று முடிவெடுத்தாலும் என் பங்கு ஐயாயிரம் உண்டு. ஆனால் அதைப் பேட்டரிக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக்கு யார் இரண்டு பேர் போகிறீர்கள் என்று கீழே சொல்லுங்கள்.