இரண்டு கிலோமீட்டரில் நின்றுபோகும் சட்டம்

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. அதனால் கடற்சட்டம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மன்னார், திருகோணமலை, கொழும்பு என்று பேசிவிட்டு நம்மைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் தென்கிழக்கில் கடலில் விழும் ஆறுகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கிரிந்தி ஓயா, மாணிக்க கங்கை, கும்புக்கன் ஓயா மூன்றும் ஊவா மலைகளில் பிறந்தவை. பதுளு ஓயாவும் உமா ஓயாவும் மகாவலியில் கலந்து மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவைச் சேர்கின்றன. வெலிமடையில் கிழங்குத் தோட்டத்திலிருந்து கரைந்த மண்ணும், பசறைத் தேயிலை மலையில் போட்ட உரமும், பதுளை நகரத்துச் சாக்கடையும் இந்த ஆறுகளின் வழியாகத்தான் இறங்குகின்றன.

1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் இந்தப் பயணத்தின் கடைசித் துண்டை மட்டுமே பார்க்கிறது. உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீட்டர், தாழ்நீர் மட்டத்திலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீட்டர், ஆறோ களப்போ கடலைச் சேருமிடமானால் முகத்துவாரத்திலிருந்து உள்ளே 2 கிலோமீட்டர். கரையோர வலயம் என்று அது வரைந்த எல்லை இதுதான். அதற்குள் கட்டடம் எழுப்பவும் மணல் அள்ளவும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அந்தக் கோட்டுக்கு மேலே அதே ஆறு நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும், மகாவலி அதிகாரசபைக்கும், மணல் அகழ உரிமம் கொடுக்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்துக்கும் கைமாறிவிடுகிறது. அன்று சட்டம் இயற்றியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கரையரிப்பு, முருகைக்கல் வெட்டு, கடலோரக் கட்டடங்கள் ஆகியவையே அப்போதைய கவலைகள். அவற்றுக்கு அந்த எல்லை போதுமாயிருந்தது. இன்றைய கேட்டுக்கு அது போதாது.

இதே நாடு உலக அரங்கில் ஆற்று வண்டலைப் பற்றி வேறு மாதிரிப் பேசியிருக்கிறது. ஐக்கிய நாடுகளின் மூன்றாவது கடற்சட்ட மாநாட்டுக்கு 1973 முதல் 1980 இல் இறக்கும்வரை தலைமை தாங்கியவர் இலங்கையின் ஹமில்டன் ஷர்லி அமரசிங்க. அந்த மாநாட்டில் இலங்கைத் தூதுக்குழு ஒரு வாதத்தை வைத்தது. வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் கடலடி வண்டல் மிகவும் தடித்தது. பொது விதியின்படி எல்லையை அளந்தால் எங்கள் கண்டமேடையின் பெரும்பங்கை இழந்துவிடுவோம் என்பதே அது. மாநாடு அதை ஏற்றது. வண்டல் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத தடிப்பில் படிந்திருக்கும் இடம்வரை எல்லை வகுக்கலாம் என்ற தனி ஏற்பாடு 1982 இன் இறுதி ஆவணத்தில் இணைப்பாகச் சேர்க்கப்பட்டது. அந்த வண்டலில் பெரும்பகுதி கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து கொண்டுவந்து கொட்டியது. 2009 மே 8 அன்று அதன் அடிப்படையில் இலங்கை தன் கோரிக்கையை ஐ.நா. ஆணைக்குழுவிடம் கையளித்தது.

கடலடி நிலத்துக்கு உரிமை கேட்டபோது ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஆறு சுமந்து வந்த மண்ணை நாம் அளந்து காட்டினோம். சொந்த மலையிலிருந்து இறங்கும் மண்ணுக்குப் பொறுப்பு என்று வரும்போது முகத்துவாரத்திலிருந்து இரண்டு கிலோமீட்டரில் நின்றுவிடுகிறோம். இந்த முரண் எனக்குப் பொறுக்கக்கூடியதாக இல்லை. அந்த மாநாட்டில் உருவாகி 1994 இல் நாம் உறுதிப்படுத்திய கடற்சட்டச் சமவாயத்தின் 207 ஆவது உறுப்புரை, நிலத்திலிருந்து வரும் மாசைத் தடுக்கச் சட்டம் இயற்றும்படி ஒவ்வொரு நாட்டையும் கட்டுப்படுத்துகிறது. ஆறுகளை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

சட்டம் இப்படிப் பாதியில் நின்றுவிடுவதால் வரும் சேதம் கடலோரப் புந்தலவில் கண்கூடு. கிரிந்தி ஓயாவை மறித்து 1980களில் லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் எழுந்தது. புதிதாகக் குடியேறியவர்களின் வயல்களுக்குத் தண்ணீர் கிடைத்தது. அது நல்ல காரியம். ஆனால் வயல்களிலிருந்து வடிந்த நீர் எம்பிலிகல, மலல களப்புகளில் போய்ச் சேர்ந்தது. களப்பின் உப்புத்தன்மை குறைந்தது, உரச்சத்து ஏறியது, இறால் பிடிப்பு விழுந்தது. 1990 இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் இந்தப் புந்தல. களப்பு கரையோர ஆட்சிக்குள் இருக்கிறது, அதைக் கெடுக்கும் மதகும் வாய்க்காலும் வெளியே இருக்கின்றன. இறால் தொழிலாளி யாரிடம் போய் முறையிடுவது?

அந்தக் கிரிந்தி ஓயாவுக்கு இப்போது இன்னொரு ஆற்றின் நீரும் வருகிறது. 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட உமா ஓயாத் திட்டம், புஹுல்பொலையிலும் டயரபாவிலும் மறித்த நீரைச் சுரங்கம் வழியாகக் கரந்தகொல்லை மின்நிலையத்துக்கு இறக்கி, தெற்குப் பக்கம் திருப்பிவிடுகிறது. கொட்டியாரக் குடாவுக்குப் போகவேண்டிய நீரில் ஒரு பங்கு இனிக் கிரிந்தைக் கடலுக்குப் போகும். வெல்லவாய, மொனராகலைப் பக்கத்து வரட்சியை அறிந்தவர்கள் இந்தத் தண்ணீரை வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றியதும் வீடுகளில் வெடிப்பு விழுந்ததும் ஊரறிந்த கதை; அந்த மக்களுக்காவது கத்துவதற்கு ஒரு களம் இருந்தது. மூதூர், கிண்ணியா மீனவர்களுக்கு இதில் ஒரு வார்த்தை உண்டா? அணை கரையோர வலயத்துக்குள் இல்லாதபடியால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி இதற்குத் தேவைப்படாது. ஒரு மாகாணத்தின் நீரை ஒரு கடலிலிருந்து எடுத்து மற்றக் கடலுக்குக் கொடுக்கும் வேலை, கடலைப் பார்க்கும் நிறுவனத்தின் கையெழுத்து இல்லாமலே நடக்கலாம்.

கப்பல் என்றால் நமக்கு விழிப்பு வருகிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் தீப்பிடித்து, ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளைக் கடலில் கொட்டியது. இலண்டன் நீதிமன்றம் உரிமையாளரின் பொறுப்பைச் சுமார் 19 மில்லியன் பவுணுக்குள் அடக்கியது. நமது உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் நூறு கோடி டொலர் இழப்பீட்டுக்குக் கட்டளையிட்டது. அந்தத் தீர்ப்பை நான் மனமார வரவேற்கிறேன். பணம் வந்துசேருமா என்பது வேறு போராட்டம். கப்பலுக்குக் கொடி உண்டு, உரிமையாளர் உண்டு, காப்புறுதி உண்டு. ஆகவே வழக்கும் உண்டு. ஆற்றில் இறங்கும் கேட்டுக்குப் பொறுப்பாளி பெரும்பாலும் அரசும் அரசு குத்தகைக்கு விட்ட கம்பனிகளுமே. அதனால்தான் வழக்கு அரிதாகவே எழுகிறது.

இங்கே ஒரு அச்சத்தையும் பேசியாக வேண்டும். சட்டத்தை மலைக்கு ஏற்றினால் அது முதலில் மரக்கறிச் செய்கைக்காரன் தலையிலும் லயத்துக் குடும்பத்தின் தலையிலும் விழும் என்பார்கள். இந்நாட்டுச் சட்டங்களின் வழக்கம் தெரிந்தவர்களுக்கு அது வீண் பயமல்ல. ஆனால் மலை மக்களுக்கு மண்ணைக் காக்கத் தெரியும். கான் வெட்டும் வேலை தோட்டத்தில் ஒரு காலத்தில் தவறாமல் நடந்தது. மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடாமல் கானில் தங்கி வடியும். செலவைக் குறைக்கும் கம்பனிகள் முதலில் கைவிடும் வேலைகளில் அதுவும் ஒன்று. கொழுந்து எடைக்குக் காசு உண்டு, கானுக்குள் தங்கிய மண்ணுக்கு யாரும் காசு தருவதில்லை. உமா ஓயா இறக்கும் மண் ரந்தம்பே நீர்த்தேக்கத்தில் குவிவதை மகாவலிப் பொறியியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

ஆகவே பொறுப்பு குத்தகை ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். 1992 இல் தனியார் நிர்வாகத்துக்குப் போன தோட்டங்களின் குத்தகை 2045 வரை ஓடுகிறது. கான் பராமரிப்பு, ஓடைக்கரையில் மரம், லயத்துக் கழிவுநீருக்கு முறையான வடிகால் ஆகிய மூன்றையும் குத்தகைக்காரர் செய்ய வேண்டிய வேலையாக, நாட்சம்பளத்தோடு தொழிலாளிக்குக் கொடுக்கும் வேலையாக அரசு கேட்க வேண்டும். கரையோர முகாமைத்துவத் திட்டம் காலத்துக்குக் காலம் திருத்தப்படுகிறது. அடுத்த திருத்தத்தில் களப்புக்கு நீர் கொடுக்கும் ஒவ்வொரு ஆற்றின் வடிநிலமும் உள்ளே வர வேண்டும். நீரைத் திருப்பும் எந்தத் திட்டத்திலும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் இணக்கம் கட்டாயமாக வேண்டும். அந்த இணக்கம் பேசப்படும் மேசையில் பதுளை, மொனராகலை மாவட்டச் செயலாளர்களோடு மூதூர் மீனவர் சங்கத்துக்கும் புந்தல இறால் தொழிலாளிக்கும் இருக்கை வேண்டும்.