முழங்காலைப் படித்த பேராசிரியர்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். இங்குள்ள திருமாகறலீசுவரர் கோயிலுக்கு எலும்பு நோய் தீர வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. எழுந்து நிற்க வேண்டும், நாலு எட்டு நடக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்கும் வரம். அதையே தன் ஆராய்ச்சிக் கேள்வியாக எடுத்துக்கொண்டவர் சென்னை ஐஐடியின் இயந்திரப் பொறியியல் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன்.

அதே ஐஐடியில் பி.டெக். படித்தவர், 2007இல் அமெரிக்காவின் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். முழங்காலுக்குக் கீழே காலை இழந்து செயற்கைக் கால் பொருத்தியவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பது ஆய்வின் ஒரு பகுதி. திரும்பி வந்து ஐஐடியில் அவர் வளர்த்தெடுத்த டிடிகே மறுவாழ்வுக் கருவி ஆராய்ச்சி மையத்தில் இன்றும் அந்த வேலைதான் நடக்கிறது.

மெக்கானிக்கல் படித்த எவருக்கும் ‘ஃபோர் பார் மெக்கானிசம்’ தெரியும். நான்கு தண்டுகளை நான்கு முனைகளில் கோத்தால் ஒன்றை அசைக்க மற்றவையும் அசையும். தேர்வுக்கு வரைந்து மதிப்பெண் வாங்கியதோடு பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் செயற்கை முழங்காலுக்கு அது உதவும். நம் முழங்கால் கதவுக் கீல்போல ஒரே புள்ளியில் சுழல்வதில்லை. மடங்க மடங்கச் சுழலும் மையமும் இடம் மாறுகிறது. நான்கு தண்டுகளின் நீளத்தைச் சரியாகத் தேர்ந்தால் செயற்கை மூட்டிலும் அதைக் கொண்டுவரலாம். கால் நேராக இருக்கும்போது மையம் மேலே, சற்றுப் பின்னால் நிற்கும். உடல் எடை முழுவதும் இறங்கினாலும் மூட்டு மடங்கிச் சரியாது. காலை வீசி முன்னே வைக்கும்போது பாதம் தரையில் இடறாமல் தூக்கிக்கொள்ளும். வகுப்பறைக் கணக்கு ஒன்று ஒரு மனிதரைக் கீழே விழாமல் காக்கிறது. இதைவிட நல்ல பாடம் எந்தப் பொறியியல் வகுப்பில் நடத்த முடியும்?

2022இல் வெளியான ‘கதம்’ முழங்கால் மூட்டு இந்த வகைதான். பெங்களூரு மொபிலிட்டி இந்தியா அமைப்போடு சேர்ந்து உருவானது. 160 டிகிரி வரை மடங்கும் என்பதால் பேருந்து இருக்கையில் இடுக்கிக்கொண்டு உட்கார முடியும். ஐஎஸ்ஓ 10328 தரப்படி 30 லட்சம் முறை எடை ஏற்றி இறக்கிச் சோதித்திருக்கிறார்கள்.

அதற்கு முன்பே, 2019இல், ‘அரைஸ்’ வந்தது. உட்கார்ந்திருப்பவர் தன் கைவலுவாலேயே எழுந்து நிற்கக்கூடிய சக்கர நாற்காலி. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் படுக்கைப்புண் வரும், எலும்பு வலுவிழக்கும், ரத்த ஓட்டம் குறையும். சிறிது நேரம் நிற்பதே மருந்து. மோட்டார் வைத்துச் செய்திருந்தால் பலருக்கு எட்டாத விலையாகியிருக்கும். இது சுமார் 15,000 ரூபாய்க்கு வந்தது. 2020இல் வெளியான நியோஃப்ளை சக்கர நாற்காலியையும், அதன் முன்னால் மாட்டி மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓட்டிப்போகும் நியோபோல்ட்டையும் நியோமோஷன் நிறுவனம் விற்கிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரும் நடத்துபவருமான ஸ்வஸ்திக் சௌரவ் தாஷ் அதே ஐஐடியில் படித்தவர். பேராசிரியரின் ஆராய்ச்சி நூலக அலமாரியோடு நிற்காமல் படித்துப் போனவர்களின் கையால் ஊருக்குள் வந்துவிட்டது. பேராசிரியரின் இயங்கமைவுப் பாடமும் மனித அசைவு பற்றிய பாடமும் என்பிடெல் இணையப் பாடத் தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன.

நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் மெக்கானிக்கல் என்றால் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்சாலைகள்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கே வேலை உறுதியில்லை என்று தெரிந்ததும் பிள்ளைகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். இந்தப் படிப்பு கார் செய்வதற்கு மட்டும் என்று சொல்லிக்கொடுத்தது நாம்தான்.

அதற்கு வேறு வேலையும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். கால் குழிக்குள் மிதிகட்டையில், முதுகு வளைந்து, கை நாடாவில். நாளெல்லாம் இப்படியே. ஐம்பது வயதுக்குள் இடுப்பும் முழங்காலும் போய்விட்டது என்று சொல்லாத நெசவாளியை நாம் கண்டது குறைவு. கோர்வைச் சேலை என்றால் கரைக்கு நாடா போட இன்னொரு ஆளும் பக்கத்தில் வேண்டும். மிதிகட்டையின் உயரம் என்ன, இருக்கையின் சாய்வு என்ன, ஒரு மிதிக்கு எவ்வளவு விசை போகிறது என்பதெல்லாம் சுத்தமான இயந்திரப் பொறியியல் கேள்விகள். கைத்தறியை எடுத்துவிட்டு விசைத்தறி வைப்பது இதற்குப் பதிலாகாது. தறியும் இருக்க வேண்டும், நெய்கிறவர் உடம்பும் இருக்க வேண்டும்.

ஏனாத்தூரிலும் காரைப்பேட்டையிலும் மெக்கானிக்கல் துறைகள் இருக்கின்றன. நான்காம் ஆண்டு புராஜெக்ட்டை விலைக்கு வாங்கும் பழக்கம் எங்கும் பரவியிருக்கும் காலம் இது. அங்குள்ள ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: மாணவர்களை ஒரு வாரம் தறிக்குழி ஓரத்தில் உட்கார வையுங்கள். முதலில் அளக்கட்டும், நெசவாளியிடம் கேட்கட்டும், பிறகு வரையட்டும். அவர்கள் எழுதி அனுப்புவதை, கணக்கும் படமும் சேர்த்து, இந்த இதழில் வெளியிடுவோம்.