சில்லு வைத்த வீடு

மட்டக்களப்பு வாவிக் கரையிலே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் ‘பாதை’ என்னும் சொல் இரு பொருள் தருவது. தரையிலே செல்லும் வழியும் பாதை; எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே ஆட்களையும் வண்டிகளையும் சுமந்துகொண்டு நீரின்மேல் மிதந்து செல்லும் பெரிய தட்டையான படகும் பாதை. 2014ஆம் ஆண்டிலே மண்முனைத் துறையில் பாலம் திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரரின் தேர்த் திருவிழாவுக்குச் சென்ற அடியார்கள் பலர் அந்தப் பாதையில் ஏறியே வாவியைக் கடந்தனர். சைக்கிளும் ஏறும், வானும் ஏறும். சிறிது நேரத்தில் அக்கரை வந்துவிடும். யாரும் எவரையும் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை.

இப்பழங்கதையை இன்று எடுத்ததற்குக் காரணம் எமது மைத்துனர். எம் இல்லத்தரசியின் தமையனாராகிய அவர், அரசாங்க சேவையிலே முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். பணிக்கொடைப் பணம் கைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையிலே ஒரு நிழற்படத்துடன் எமது இல்லத்துக்கு வந்தார். தமிழ்நாட்டிலே ஒருவர் பாவித்து விற்கவிருக்கும் மோட்டார் வீடு ஒன்றின் படம் அது. உள்ளே இரண்டு கட்டில்கள், சிறு அடுப்பங்கரை, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை. பன்னிரண்டு வயதான ஊர்தி. விலையோ மிக மலிவு.

“மச்சான், பாசிக்குடாவுக்கு வருகிற வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடலாம். ஆடி மாதத்தில் நாங்கள் எல்லாரும் கதிர்காமத்துக்குப் போகலாம். வாவியைத் தாண்ட ஒரு பாதை போதுமாயிருந்ததே! தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலே இருப்பது முப்பது கிலோமீற்றர்தானே?” என்றார்.

தேநீர்க் கோப்பையுடன் வந்த மச்சாள் ஒரே ஒரு வாக்கியம் கூறினார். “பெண்பிள்ளைக்கு வீடு கட்ட வைத்த காசிலே சில்லு வைத்த வீடோ?”

அவ்வாக்கியத்தின் கனத்தை மட்டக்களப்பார் அறிவர். இப்பகுதியிலே மணமாகும் பெண்ணுக்கு வீடும் வளவும் கொடுத்தல் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். வீடு பெண்வழியே செல்லும். மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். மைத்துனரின் மகளுக்கோ இருபத்தாறு வயது. கல்லடியிலே வாங்கிய நிலம் வெறும் மணலாகவே கிடக்கிறது. ஆகையால் கேள்வி ஊர்தியைப் பற்றியது மட்டுமன்று. இருவரும் எம் முகத்தைப் பார்த்தனர். ஒரு வாரத் தவணை கேட்டோம்.

அவ்வாரத்திலே வர்த்தமானி அறிவித்தல்களைப் படித்தோம். கொழும்பிலே சுங்க முகவர் நிலையமொன்றில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவரிடமும் விசாரித்தோம். நாம் அறிந்தவை எம் மைத்துனருக்கு மட்டுமன்றி வேறு குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் ஈண்டுத் தருகின்றோம்.

முதலாவது, கடல். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே 1914ஆம் ஆண்டிலே இரயிலும் கப்பலும் இணைந்த சேவை தொடங்கிற்று. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீராவிக் கப்பல் சென்றது. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்துவிட, அதன்பின் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1984இல் உள்நாட்டுப் போரினால் அதுவும் நின்றது. இவ்வளவு காலமும் பாம்பன் கடலுக்கு மேலே இருந்தது இருப்புப்பாதைப் பாலம் மட்டுமே. மோட்டார் வண்டிகள் செல்லத்தக்க வீதிப் பாலம் 1988ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. கப்பல் இருந்தபோது வீதி இல்லை. வீதி வந்தபோது கப்பல் இல்லை. 2023 ஒக்டோபர் 14ஆந் தேதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியதும், இடைநின்று 2024 ஓகஸ்டிலே மீண்டும் தொடங்கியதும் நற்செய்திகளே. ஆயினும் அவ்வழியில் விடப்பட்டவை பயணிகளையும் அவர்தம் பொதிகளையும் ஏற்றும் கப்பல்கள். மோட்டார் வீட்டை அவற்றில் ஏற்ற முடியாது. அது சரக்குக் கப்பலில் ஏறி, கொழும்பு அல்லது அம்பாந்தோட்டைத் துறைமுகத்திலேயே இறங்க வேண்டும்.

இரண்டாவது, பெயர். நாம் ‘வீடு’ என்று அழைப்பதைச் சுங்கத் திணைக்களம் என்னவென்று அழைக்கும்? உலக நாடுகள் பின்பற்றும் சுங்கப் பொருட்பட்டியலிலே, தானே ஓடும் மோட்டார் வீடு 87.03 என்னும் தலைப்பின் கீழ் வருகின்றது. மோட்டார்க் காரும் அதே தலைப்பிலேதான் இருக்கின்றது. வேறொரு வண்டியால் இழுத்துச் செல்லப்படும் கரவன் வண்டிக்கோ தனித் தலைப்பு உண்டு, அது 87.16. ஆகவே கட்டிலும் அடுப்பும் எத்தனை இருந்தாலும், சுங்கத்தின் கண்ணுக்கு எம் மைத்துனரின் வீடு ஒரு கார். அதுவும் பெரிய இயந்திரம் பூட்டிய கார்.

மூன்றாவது, கணக்கு. மாணவர்கள் இதைக் கூர்ந்து படித்தல் நன்று. சுங்கம் பொருளின் விலையை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. விலையோடு காப்புறுதியையும் கப்பற் கூலியையும் கூட்டி, அந்தத் தொகையின்மீதே தீர்வை விதிக்கின்றது. அக்கரையில் ஊர்தியின் விலை 100 ரூபாய் என்றும், கூலியும் காப்புறுதியும் 20 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 120. 2025ஆம் ஆண்டிலே ஊர்தி இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது சுங்கத் தீர்வை 20 சதவீதம். அத்தீர்வையின் பாதி மேல்வரி. ஆக 36 ரூபாய். அடுத்து உற்பத்தி வரி. இது இயந்திரத்தின் கொள்ளளவைக் கன சென்ரிமீற்றரிலே அளந்து விதிக்கப்படுவது. இயந்திரம் பெரிதாகப் பெரிதாக விகிதமும் ஏறும். ஊர்தியின் விலையையே இது விஞ்சி நிற்பதுண்டு. எமது கணக்குக்காக 120 ரூபாய் என்று கொள்வோம். இறுதியிலே 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. இது முன்சொன்ன 120 ரூபாயோடு அதன் பத்திலொரு பங்கையும், தீர்வையையும், உற்பத்தி வரியையும் கூட்டி வரும் 288 ரூபாயின்மீது கணிக்கப்படும். ஏறத்தாழ 52 ரூபாய். எல்லாவற்றையும் கூட்டினால் 328 ரூபாய்! ஆடம்பர வரி, துறைமுகக் கட்டணம், முகவர் கூலி, பதிவுக் கட்டணம் முதலியன இன்னும் வெளியே நிற்கின்றன. வரிக்கு வரி விழும் இந்த முறையை அறியாதவர், அக்கரையின் விலையைப் பார்த்து இக்கரையிலே கனவு காண்பர்.

நான்காவது, வயது. பாவித்த ஊர்தியானால் உற்பத்தியாகிச் சில ஆண்டுகளுக்குள் இருத்தல் வேண்டும் என்ற வரையறை உண்டு. ஏற்றுமதிக்கு முன்னரே அங்கீகாரம் பெற்ற பரிசோதகரின் சான்றிதழும், வங்கியின் நாணயக் கடிதமும் வேண்டும். அனுமதிப்பத்திரம் எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்பவற்றை 1969ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் ஒழுங்குவிதிகள் கூறும். அவை மாறிக்கொண்டேயிருப்பவை. பன்னிரண்டு வயதான வீடு அந்த வாயிலிலேயே நின்றுவிடும்.

இவற்றைச் சொல்லி முடித்ததும் மைத்துனர் தயங்கித் தயங்கி ஓர் உண்மையை வெளியிட்டார். தரகர் ஒருவர் அவரிடம் வேறொரு வழி கூறியிருக்கிறார். “உல்லாசப் பயணியின் வண்டியாகக் கொண்டுவருவோம்; வரி கிடையாது. பிறகு இங்கேயே வைத்துக்கொள்ளலாம்” என்பதே அவ்வழி. முற்பணமும் கேட்டிருக்கிறார்.

இங்கேதான் எமக்குத் திடுக்கிட்டது. உல்லாசப் பயணிகள் தம் ஊர்தியைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்பது மெய்யே. 1954ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரில் இதற்கெனச் சருவதேச உடன்படிக்கையொன்று செய்யப்பட்டது. ‘கார்னே’ எனப்படும் சுங்கப் புத்தகமொன்றை மோட்டார்ச் சங்கங்கள் வழங்குகின்றன. நாட்டுக்குள் வரும்போது அதிலே ஒரு முத்திரை. வெளியேறும்போது இன்னொரு முத்திரை. அந்த இரண்டாவது முத்திரையிலேதான் எல்லாம் இருக்கின்றது. ஊர்தி குறித்த காலத்தில் திரும்பிப் போகாவிட்டால், தீர்வை முழுவதையும் பிணை நின்ற சங்கத்திடம் சுங்கம் கேட்கும். விருந்தினராக வந்த ஊர்தியை விற்பதும், வாடகைக்கு விடுவதும், மறைத்து வைப்பதும் குற்றம். எமது நாட்டின் சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ஆம் ஆண்டிலே பிறந்தது. அத்தகைய பொருளைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் அதிலே உண்டு. அப்பொழுது பணமும் போம்; வண்டியும் போம்; முப்பத்தைந்து ஆண்டு அரச சேவையிலே ஈட்டிய நற்பெயரும் போம். தரகரோ அக்கரையில் இருப்பார்.

“அரசாங்கம் ஏன் இப்படிக் கசக்கிப் பிழிகிறது?” என்று கேட்டான் அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எம் மகன். நியாயமான கேள்வி. எமது நாடு கார்களை இறக்குமதி செய்தே வாழ்வது. அதற்கு வெளிநாட்டுச் செலாவணி வேண்டும். 2020ஆம் ஆண்டிலே ஊர்தி இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலிலே வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென நாடு அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாம் வரிசையில் நின்ற அந்நாட்களை எவரும் மறந்திரார். வரி கடுமையானது என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் மருந்துக்கும் பால்மாவுக்கும் வேண்டிய டொலரை எதற்குச் செலவிடுவது என்ற கேள்வி அந்த வரியின் பின்னால் நிற்கின்றது.

பாவித்த வண்டியை வெளிநாட்டிலிருந்து தருவிப்பது இந்நாட்டுக்குப் புதிதன்று என்பதையும் சொல்லவேண்டும். 1958ஆம் ஆண்டிலே தோன்றிய இலங்கைப் போக்குவரத்துச் சபை, இலண்டன் வீதிகளிலே ஓடி ஓய்ந்த இரண்டுதட்டு பஸ்களை நூற்றுக்கணக்கில் வாங்கி இங்கே ஓட்டியது. ஆனால் சபைக்குச் சொந்தத் தொழிற்சாலைகள் இருந்தன. ஒரே வகை வண்டிகள் பல இருந்தமையால் ஒன்றின் உறுப்பை மற்றொன்றுக்குப் பூட்டவும் முடிந்தது. தனி ஒருவரின் ஒற்றை வண்டிக்கு அந்த வசதி ஏது? யப்பானிலிருந்து வரும் மோட்டார் வீட்டிலே மின்கருவிகள் 100 வோல்ற்றுக்கு அமைந்தவை. எமது வீட்டு மின்சாரமோ 230 வோல்ற். இவ்வாறான சிறு தொல்லைகளே பெருஞ்செலவாக முடியும்.

மைத்துனர் நீண்ட நேரம் நிழற்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “முற்பணம் கொடுக்கவில்லை மச்சான்” என்றார். மச்சாள் உள்ளே சென்றுவிட்டார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாக இல்லத்தரசி பின்னர் கூறினார்.

கல்லடி வளவிலே சென்ற மாதம் அத்திவாரம் வெட்டினார்கள். சில்லு வைத்த வீட்டின் ஆசையை நாம் முற்றாகக் கெடுத்துவிடவில்லை. இங்கேயே பதிவான பழைய வான் ஒன்றை வாங்கி, ஆசனங்களைக் கழற்றிக் கட்டில் வைக்கலாம். ஆனால் 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், அவ்வாறான மாற்றத்தை மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து அனுமதி பெறவேண்டும். வீடு எழும்பிய பின்னர் மிச்சம் இருந்தால் அதைப் பார்ப்போம் என்பது தீர்மானம்.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் ஆட எம் பாட்டனார் கூடார வண்டியிலேதான் குடும்பத்தோடு வருவாராம். வண்டிக்குள்ளே பாயும் தலையணையும். அடியிலே பானையும் சட்டியும். இரவிலே மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டிக்கருகிலேயே அடுப்பு மூட்டுவார்களாம். அதுவும் சில்லு வைத்த வீடுதான். ஆனால் அந்த வண்டி புறப்பட்ட இடத்திலே உறுதியான வீடொன்று இருந்தது, திரும்பிப் போவதற்கு.