பிரம்மன் பெயர் தாங்கிய எரிமலை

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், கிழக்குப் பகுதியில் புரோமோ என்றோர் எரிமலை உள்ளது. பிரம்மா என்னும் திருநாமமே அந்நாட்டார் நாவில் புரோமோ என்றாயிற்று. உயரம் 2,329 மீட்டர். ஆயினும் வாகனம் மலையருகே வரை சென்றுவிடும். நடப்பது சிறிது தொலைவே. அறுபதைக் கடந்த நானும் என் மனையாளும் சென்ற ஆண்டு துணிந்தது அதனால்தான்.

வைகறைக் குளிரில் பெனாஞ்சாக்கான் குன்றின்மேல் நின்று சூரியோதயம் தரிசித்தோம். தொலைவில் தெரிந்த செமெரு சிகரத்திற்கு மகாமேரு என்றும் பெயருண்டு. பின்னர் கீழிறங்கி, மணற்கடல் எனப்படும் சாம்பல்வெளியை அடைந்தோம். அங்குள்ள போத்தென் ஆலயம் சாத்தியிருந்தது. வெளியே நின்றே கும்பிட்டோம்.

சுற்றிலும் வாழும் தெங்கர் மக்களுள் பெரும்பாலோர் இன்றும் இந்துக்களே. அவர்கள் சொல்லும் வரலாறு நெஞ்சை உருக்குவது. மகப்பேறின்றி வருந்திய ரோரோ ஆந்தெங், ஜோக்கோ செகர் தம்பதியர், கடைசிப் பிள்ளையை மலைக்கே அளிப்பதாக நேர்ந்துகொண்டு 25 மக்களைப் பெற்றனராம். பெற்ற மனம் கொடுக்க இசையுமா? மறைத்து வைத்தனர். மலை சீறியது, கடைக்குட்டி கெசுமாவை நெருப்புக் கொண்டுபோயிற்று. அவன் நினைவாகக் கசதா விழாவில் காய்கனி, கோழி, ஆடு, பணம் முதலியவற்றை எரிமலை வாயில் இடுகின்றனர். உட்சரிவில் வலையேந்தி நிற்போர் அவற்றைப் பிடித்துக்கொள்வதும் உண்டு.

"சாமிக்கு இட்டதை எடுக்கலாமா?" என்று வண்டியோட்டியிடம் கேட்டேன். வரவுசெலவு பார்த்தே பழகிய புத்தி!

"கையை விட்டபோதே சாமிக்குச் சேர்ந்துவிட்டது ஐயா. அப்புறம் யார் எடுத்தால் என்ன?" என்றார் அரைகுறை ஆங்கிலத்தில்.

உச்சிக்குச் சுமார் 250 படிகள். அறுபதாம் படியில் அவள் முழங்கால் மறுத்துவிட்டது. "நீங்கள் போய் வாருங்கள். மேலே பிள்ளையார் இருக்கிறாராமே, அவரிடம் என் பெயரையும் சொல்லுங்கள்" என்று, அடிவாரத்தில் வாங்கிய உலர்மலர்க் கொத்தை என்னிடம் நீட்டினாள். இத்தனை ஆண்டுகளில் எந்தச் சந்நிதிக்கும் அவளை விட்டுவிட்டு நான் போனதில்லை. கால் எழவில்லை. அவள்தான் கையசைத்து அனுப்பினாள்.

மேலே கந்தக நெடி மூச்சை அடைத்தது. ஆஸ்துமா உள்ள அன்பர்கள் ஏறாதிருப்பதே நலம். விளிம்பும் குறுகியது. பள்ளத்தின் அடியிலிருந்து வெண்புகையும் ஓயாத இரைச்சலும் எழுந்தன. அந்த விளிம்பில்தான் விநாயகர் அமர்ந்திருக்கிறார். முதலில் அவள் பெயரைச் சொன்னேன். பாதி மலர்களைத் திருவடியில் வைத்தேன். மீதியைப் பள்ளத்தில் இட மனம் வரவில்லை.

அறுபதாம் படியிலேயே அவள் காத்திருந்தாள்.

"சாமிக்குக் கொடுத்ததை எனக்கே கொண்டுவந்துவிட்டீர்களா?" என்று சிரித்தபடி, மலர்மேல் படிந்திருந்த சாம்பலை ஊதிவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.