சீனியர் எங்கே இருக்கிறார்?



இறுதியாண்டு வந்ததும் நமக்குள்ளே இரண்டு கட்சி உண்டாகிவிடுகிறது. "கம்பெனியில மாமா இருக்காரு" என்பவன் ஒரு கட்சி. "எனக்கு யாரைத் தெரியும்?" என்பவன் மறு கட்சி. இருவரும் ஒரே லேத்தில் கை பழகியவர்கள், ஒரே வைவாவில் வியர்த்தவர்கள். ஆனால் ஒரகடத்தில் ஆள் எடுக்கிற சேதி முதலாமவனுக்கு ஒரு வாரம் முந்தியே தெரிகிறது. மற்றவனுக்கு எல்லாம் முடிந்த பிறகு வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டாக வருகிறது!

மாமா இல்லாதவனுக்கு ஒரு மாமாவை யார் கொடுப்பது? நம் பேரவையே கொடுக்கலாம், ஒரு செயலி மூலமாக. இதுதான் என் கருத்து.

"அதுக்குத்தான் லிங்க்ட்இன் இருக்கே?" என்பீர்கள். இருக்கிறது. 2003-இல் வந்தது. 2016-இல் மைக்ரோசாஃப்ட் அதை 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால் இங்கிலீஷில் தன்னைப் பற்றித் தானே புகழ்ந்து எழுதத் தெரிந்தவருக்குத்தான் அங்கே பந்தி. ஐந்து வருஷமாக மில்லிங் மெஷினில் நிற்கிற நம்ம சீனியரை அதில் தேடிப் பாருங்கள், கிடைப்பது கஷ்டம். வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பார். ஆனால் அங்கே குட்மார்னிங் ரோஜாப் பூக்களுக்கு அடியில் நல்ல சேதியெல்லாம் புதைந்து போகிறது. பிளேஸ்மென்ட் சார் தன்னாலானதைச் செய்கிறார். என்றாலும் அவர் காதுக்கு வருவது கம்பெனி சொல்ல விரும்புகிற சேதி மட்டுமே.

மார்க் கிரானோவெட்டர் என்றொரு அமெரிக்கச் சமூகவியலாளர். மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன் நகரில் வேலை மாறியவர்களிடம், 'யார் சொல்லி வேலை கிடைத்தது?' என்று விசாரித்தார். 1973-இல் கட்டுரையாக எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்துப் பழகியவர்கள் 100-க்கு 17 பேர்தான்! மற்ற எல்லோருக்கும் உதவியவர் எப்போதாவது, அபூர்வமாகப் பார்க்கிற ஆள். யோசித்தால் புரிகிறது. ரூம்மேட்டுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். வேறு ஊரில், வேறு ஷாப்பில் நிற்கிறவருக்குத்தான் நமக்குத் தெரியாத சேதி தெரியும். 2022-இல் 'சயன்ஸ்' இதழில், லிங்க்ட்இனில் உள்ள 2 கோடிப் பேரை வைத்து வந்த ஆய்வும் இதை ஒட்டியே சொன்னது: ரொம்ப நெருக்கமும் அல்ல, அடியோடு அந்நியமும் அல்ல, நடுத்தரப் பழக்கமே அதிகம் உதவுகிறது. மூன்று வருஷம் முந்தி நம் கல்லூரியில் படித்து முடித்த அண்ணன், அக்கா எல்லாம் அந்த நடுவில்தானே இருக்கிறார்கள்?

ஆகவே செயலியைத் திறந்ததும் வேலை விளம்பரம் வரக்கூடாது. ஆட்கள் வரவேண்டும். ஓசூர், மெக்கானிக்கல் என்று தட்டினால் அங்கே வேலை பார்க்கிற நம்மவர்கள் வரவேண்டும். பெயருக்குக் கீழே மார்க்கும் வேண்டாம், பொன்மொழியும் வேண்டாம். என்ன மெஷின், எத்தனை ஷிப்ட், கம்பெனி பஸ் எதுவரை வருகிறது, ரூம் வாடகை எவ்வளவு, பிடித்தம் போகக் கையில் வருவது எவ்வளவு... இவைதான் வேண்டும். முக்கியமாக, எடுப்பது அப்ரண்டிஸா, டிரெயினியா, கான்ட்ராக்டா? 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தில் டிப்ளமோக்காரர்களுக்கு 1973 திருத்தம் இடம் கொடுத்தது. ஓராண்டு பயிற்சி, சான்றிதழ் எல்லாம் சரி. ஆனால் முடித்தவருக்கு வேலை கொடுத்தே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. போன வருஷம் முடித்த பத்துப் பேரில் எத்தனை பேரை நிறுத்திக்கொண்டார்கள்? எந்த விளம்பரமும் இதைச் சொல்லாது. சீனியர் சொல்வார்.

வாய் திறந்து சொல்ல அவருக்குத் தைரியம் வேண்டுமே! ஆகையால் கம்பெனி அதிகாரிகள் யாருக்கும் இதற்குள் இடம் கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன். மாணவிகளின் போன் நம்பர் யார் கண்ணிலும் படக்கூடாது. கேள்வி முதலில் போகட்டும். இருவரும் சம்மதித்த பிறகு நம்பர். 'டெபாசிட் கட்டினால் ஆர்டர்' என்று எவனாவது கிளம்பினால், அந்த ஊர் சீனியர் ஒருவர் கேட்வரை போய் விசாரித்து நாலு வரி போட்டால் போதும், நாற்பது வீட்டுப் பணம் தப்பும்.

"சீனியருக்கு இதில் என்ன லாபம்? ஏன் வருவார்?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தி 2014-இல் நின்றது. மறைமலைநகரில் ஃபோர்டு கார் உற்பத்தி 2022-இல் நின்றது. வேலையில் இருப்பவரும் நாளைக்கே வேலை தேடுபவர் ஆகலாம். அன்றைக்கு அவருக்கும் வேறு ஊரில் நாலு பேர் வேண்டும்.

செய்வது யார்? கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் கோபிக்கக் கூடாது. வருஷா வருஷம் லைப்ரரி மேனேஜ்மென்ட், அட்டெண்டன்ஸ் சிஸ்டம் என்று புராஜெக்ட் செய்து, பைண்டு போட்டு, அலமாரியில் தூங்க வைக்கிறீர்கள். இந்த வருஷம் ஒரு டீம் இதை எடுக்கலாமே? எல்லாப் பிரிவும் எல்லா ஊரும் என்று பேராசைப்பட வேண்டாம். ஆளில்லாத ஹோட்டலுக்குள் யாரும் நுழைவதில்லை. ஒரே பிரிவு, ஒரே ஊர், நாற்பது பேர் சேர்ந்தபின் அடுத்தது.

பெயர்களுக்கு எங்கே போவது? நம் பழைய ஆண்டு மலர்களின் கடைசிப் பக்கங்களில் விடைபெற்றவர்களின் பெயரும் ஊரும் இருக்கின்றன. ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து, சம்மதம் கேட்டு எழுத வேண்டும். எந்தச் சனிக்கிழமை உட்காரலாம் என்று பேரவை சொல்லட்டும். ஓசூர்ப் பட்டியலை மெக்கானிக்கல்காரர்கள் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.