பிரசவச் செலவு யார் தலையில்?

பிள்ளை உண்டான பிறகு ஆண்பிள்ளை விலகிப் போய்விட்டால் ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவது? தோட்டப்புறத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சட்டம் அல்ல. கோயில் முன்னால் கூடும் நாலு பெரிய மனுஷர்கள்தான். "ஆனது ஆச்சு, ஐந்நூறு வெள்ளிய வாங்கிக்கிட்டு விடும்மா" என்பார்கள். ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக் கொள்வார்கள். அதோடு பெண் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பத்து காவானில் தோட்டம் போய்த் தொழிற்பேட்டை வந்துவிட்டது. 2014-இல் இரண்டாவது பினாங்குப் பாலமும் திறந்தார்கள். பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகள் இன்று பேக்டரியில் ஷிப்ட் வேலை செய்கிறார்கள். வேலை மாறியது, வீடு மாறியது. இந்த நாலு பேர் பஞ்சாயத்து மட்டும் மாறக் காணோம். ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்று நாமே பார்த்துவிடுவது நல்லது. (இங்கே எழுதுவது முஸ்லிம் அல்லாதவர்களுக்கு. முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றம் தனியாக இருக்கிறது.)

முதலில் தாலி விஷயம். 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1-3-1982 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன் நம் முறைப்படி நடந்த கல்யாணங்களைச் சட்டம் பதிவானவையாகவே ஏற்றுக் கொள்கிறது. அதற்குப் பிறகு அம்மன் சந்நிதியில் ஆயிரம் பேர் முன்னால் தாலி கட்டியிருந்தாலும், ரெஜிஸ்தர் செய்யாவிட்டால் கோர்ட்டில் 'மனைவி' என்று நிற்பது பெரும்பாடு. "ரெஜிஸ்தர் எல்லாம் பொறவு பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போடும் பெற்றோர் எத்தனை பேர்! அந்த 'பொறவு' பல வீடுகளில் வருவதே இல்லை.

பதிவான மனைவி என்றால் வழி இருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் மணமான பெண்கள், பிள்ளைகள் ஜீவனாம்சச் சட்டப்படி, புருஷன் கவனிக்காமல் விட்டால் மாதப் படி கேட்கலாம். பிரிந்து இருந்தாலும் கேட்கலாம். விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை. விவாகரத்து வழக்கு நடந்தால் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம். பில்களைக் காட்டி, தன் தேவை இன்னது என்று கோர்ட்டில் சொல்லலாம். இன்னொன்றும் தெரிந்து கொள்ளுங்கள். கல்யாணம் முறிந்து 280 நாள்களுக்குள், தாய் மறுமணம் செய்யாத நிலையில் பிறக்கும் பிள்ளை அந்த முன்னாள் கணவனுடையது என்றே சாட்சியச் சட்டம் கொள்கிறது. "என்னோடது இல்லே" என்று சும்மா வாயால் சொல்லித் தப்ப முடியாது. அந்தக் காலத்தில் இருவருக்கும் தொடர்பே இருந்திருக்க முடியாது என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும்.

பதிவு இல்லாத பெண்ணின் கதி என்ன? இங்கேதான் வயிறு எரிகிறது. அதே 1950-ஆம் ஆண்டுச் சட்டம், மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் மாதப் படி கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அது பிறந்த பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறது. வயிற்றில் இருக்கும்போது தாய்க்கு ஆகும் செலவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஸ்கேன் கூலி, மருந்து, சுங்கை பாக்காப் ஆஸ்பத்திரிக்கோ செபராங் ஜெயாவுக்கோ போய்வரும் டாக்சிக் காசு, சிக்கல் என்று தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் வரும் பில், எல்லாம் அவள் தலையில், இல்லாவிட்டால் அவளைப் பெற்றவள் தலையில்.

இந்தச் சட்டம் வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் வந்தது. அவன் சொந்த ஊரில் என்ன வைத்திருந்தான் தெரியுமா? இங்கிலாந்தின் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, தகப்பன் என்று நிரூபணமானவன் வாரப் படியோடு பிரசவச் செலவையும் கட்ட வேண்டும் என்று கோர்ட் உத்தரவிட இடம் இருந்தது. 1950-இலும் அது அங்கே அமலில்தான் இருந்தது. நம் ஊர்ச் சட்டத்தில் அதை எழுதாமல் விட்டார்கள். நாடு சுதந்திரம் அடைந்து இத்தனை காலம் ஆகியும் நாமும் எழுதவில்லை. ஜெர்மனியில், மணமாகாத தாயின் கர்ப்ப, பிரசவச் செலவைத் தகப்பன் ஏற்க வேண்டும் என்று சிவில் சட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் யூட்டா மாநிலம் 2021-இல் பாதிச் செலவு தகப்பனுடையது என்று சட்டம் போட்டது. இங்கே மட்டும் ஏன் முடியாது?

இப்போதைக்கு இருப்பது ஒரு சுற்று வழி. கட்டிக் கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்து ஏமாற்றினால், அந்த வாக்கை மீறியதற்கு நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். 1969-இல் மலாக்கா உயர்நீதிமன்றத்தில், அப்படி நம்பிப் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு நஷ்டஈடு கிடைத்தது. ஆனால் வாக்குக் கொடுத்ததை நிரூபிக்க வேண்டும், வக்கீல் வேண்டும், அவன் ஏற்கெனவே மணமானவன் என்று தெரிந்தே நம்பியிருந்தால் அந்தக் கதவும் அடைபடும். பால்காட்டுக் கூலியில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

"அப்படிச் சட்டம் வந்தா எவன் மேல வேணும்னாலும் பழி போடுவாளுங்களே" என்று சிலர் கேட்பார்கள். பிள்ளைப் படிக்கு இப்போதே நிரூபணம் கேட்கிறார்களே, பிரசவச் செலவுக்கும் அதையே கேட்கட்டும். டி.என்.ஏ. சோதனை இருக்கிற காலம் இது. அந்தச் சோதனைக்கு ஒருவனைக் கட்டாயப்படுத்தலாமா என்பதற்குச் சிவில் சட்டத்தில் தெளிவான பிரிவு இல்லை. நீதிமன்றங்களும் ஒரே குரலில் சொல்லவில்லை. திருத்துவதென்றால் இரண்டையும் சேர்த்துத் திருத்த வேண்டும். யூனியன்காரர்களும் நம் ஓட்டை வாங்கிப் போன நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதைக் கேட்டாக வேண்டும்.

வேலைச் சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் பெருந்தன்மையானது. 1-1-2023 முதல் பிரசவ லீவு 98 நாள். 'பெண் தொழிலாளி' என்றுதான் அதில் இருக்கிறது, 'மணமான பெண்' என்று இல்லை. கணவன் எங்கே, கல்யாணப் பத்திரம் எங்கே என்று கேட்டு மானேஜர் அந்த லீவை மறுக்க முடியாது. (ஆண்களுக்கு வந்த 7 நாள் லீவுக்குத்தான் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும்!) பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருந்தால் சம்பளத்தோடு லீவு. பேக்டரிப் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும். தெரியாமலே வேலையை விட்டு நிற்கிறவர்கள் உண்டு.

பிறப்புப் பத்திர விஷயமும் அப்படித்தான். மணமாகாத பெற்றோர் என்றால், தாயும் அவனும் சேர்ந்து கேட்டால்தான் தகப்பன் பெயர் ஏறும். அவன் வராவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கும். அதனால் பிள்ளைப் படி கேட்கும் உரிமை போய்விடாது. படி கொடுக்கச் சொல்லியும் அவன் கொடுக்காவிட்டால், 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவன் சம்பளத்திலேயே முதலாளி பிடித்துக் கொடுக்கும்படி கோர்ட் உத்தரவு போடலாம். வக்கீலுக்குக் காசு இல்லாதவர்கள் ஜோர்ஜ்டவுனில் உள்ள அரசாங்கச் சட்ட உதவி அலுவலகத்தில் போய்க் கேட்கட்டும். ஜீவனாம்ச வழக்குகளை அவர்கள் எடுக்கிறார்கள், வருமானத்தைப் பார்ப்பார்கள்.

அதுவரை பஞ்சாயத்துத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அவன் அனுப்பிய செய்திகளைப் போனில் அழிக்காதீர்கள். பேங்கில் போட்ட ஐம்பது வெள்ளி ரசீதும் சாட்சிதான். கிளினிக் சீட்டு, மருந்துச் சீட்டு, டாக்சிக் கூலி எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு உறையில் வைத்து, அந்த உறையை அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.