சிக்ஸர் அடிக்கும் பிள்ளைக்கு நேராக ஆடவும் தெரிய வேண்டும்



அன்பின் ஊரவர்களே, குறிப்பாக விளையாட்டுக் கழகங்களை நடத்தும் தம்பிமார்களே,

பெருநாள் வந்தால் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நமது கரையோர ஊர்களில் மென்பந்து சுற்றுப்போட்டிகள் களைகட்டும். புதிய ஜெர்சி, ஒலிபெருக்கியில் வர்ணனை, பிரதம அதிதி, வெற்றிக் கிண்ணம், பணப்பரிசு. நல்ல விடயம்தான். பிள்ளைகள் போதைப் பக்கம் போகாமல் மைதானத்தில் நிற்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் ஒரு கேள்வி. ஐந்து ஓவர் ஆட்டத்தில் ஆறு சிக்ஸர் அடிக்கும் நமது பதினைந்து வயதுப் பிள்ளை, கடினப்பந்து ஆட்டத்துக்குப் போனால் ஏன் இரண்டாவது ஓவரிலேயே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வருகிறான்?

திறமை இல்லாமல் அல்ல. அவன் பழகியது வேறு பந்துக்கு. டென்னிஸ் பந்தின் நிறை 60 கிராமுக்கும் குறைவு. தோல் பந்து 156 முதல் 163 கிராம் வரை. டென்னிஸ் பந்து நிலத்தில் பட்டதும் வேகம் குறைந்து, நெஞ்சளவுக்கு எழும்பி நிற்கும். முன்காலை ஒதுக்கிவிட்டு, கீழ்க்கையின் பலத்தில் லெக் பக்கம் சுழற்றினால் எல்லைக்கோட்டைத் தாண்டும். அதே வீச்சைத் தோல் பந்துக்கு வீசினால் கதை வேறு. அது காற்றில் வளையும், தையல் பட்டால் திரும்பும், தாழ்வாகவும் சறுக்கி வரும். ஒன்றில் விளிம்பில் பட்டு ஸ்லிப்பில் பிடி, இல்லாவிட்டால் ஸ்டம்ப் பறக்கும்.

மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து துடுப்பாட்ட வீரரை அடைய ஏறத்தாழ அரை வினாடிதான் எடுக்கும். அதற்குள் யோசித்து ஆட முடியாது. காலும் கையும் தாமாகவே போக வேண்டும். அது பழக்கத்தால் மட்டுமே வரும். பாடசாலைக் கிரிக்கெட் 13 வயதுக்குட்பட்ட பிரிவிலிருந்தே தொடங்குகிறது. நமது பிள்ளைகளில் பலர் தோல் பந்தை முதன்முதலில் தொடுவது 16, 17 வயதில். அதற்குள் பிழையான பழக்கம் கையில் ஊறிவிடுகிறது.

"மாலிங்கவும் மென்பந்தில் இருந்து வந்தவர்தானே?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், ரத்கம மணலில் விளையாடி வந்தவர். ஆனால் அவர் பந்துவீச்சாளர். அவரும் காலியில் பாடசாலைக் காலத்திலேயே தோல் பந்துக்கு வந்து, சம்பக்க ராமநாயக்க போன்ற பயிற்சியாளரின் கண்ணில் பட்டார். நமது பிள்ளை அப்படி யாருடைய கண்ணில் படுவான்?

பயிற்சிக்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு பந்தைக் காலுறைக்குள் போட்டு மாமரக் கிளையில் கட்டித் தொங்கவிடுங்கள். மேல் கையால் மட்டும் மட்டையைப் பிடித்து, நேராக ஐம்பது தடவை தட்டச் சொல்லுங்கள். தலை அசையக்கூடாது. கண் பந்தைவிட்டு விலகக்கூடாது. பந்து விழும் இடத்துக்கு முன்கால் போக வேண்டும், மட்டை உடம்போடு ஒட்டி வர வேண்டும். ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை ஆடாமல் விடவும் பழக்குங்கள். மென்பந்தில் யாரும் சொல்லிக்கொடுக்காத பாடம் அதுதான். டெஸ்ட் ஆட்டத்தில் 99.94 சராசரி எடுத்த டொன் பிரட்மன், சிறுவயதில் பௌரல் ஊரில் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு ஸ்டம்பால் அடித்துத்தான் பழகினார்.

தோல் பந்துக்கு மட்டும் ஒரு நிபந்தனை: ஹெல்மட், பேட்ஸ், கையுறை, கார்ட் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் நிறுத்த வேண்டாம். 2014 நவம்பரில் அவுஸ்திரேலியாவின் பிலிப் ஹியூஸ், ஹெல்மட் அணிந்திருந்தும் கழுத்தில் பந்து பட்டு மரணித்தார். வெறுந்தலையோடு ஆடுவது வீரம் அல்ல.

இந்தச் சாமான்கள் விலை கூடியவை, ஒரு வாப்பாவால் தனியே வாங்க முடியாது. அதனால்தான் கழகங்களிடம் கேட்கிறேன். வருடத்தில் ஒரு சுற்றுப்போட்டியின் ஜெர்சி, கிண்ணம், மேடைச் செலவை மிச்சம் பிடியுங்கள். இரண்டு மூன்று கழகங்கள் சேர்ந்து ஒரு மெட்டிங், ஒரு வலை, இரண்டு சோடி பேட்ஸ், மூன்று ஹெல்மட் வாங்கிப் பாடசாலையில் பொதுச் சொத்தாக வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களும் ஜெர்சி அனுசரணைக்குப் பதிலாக இதற்கு உதவலாம். பழைய வீரர்கள் வாரத்தில் இரண்டு நாள் வந்து பந்து எறிந்தால் போதும்.

பெற்றோருக்கும் ஒன்று. சாதாரண தரப் பரீட்சை இருக்கிறது, ரியூஷன் இருக்கிறது, தெரியும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அரை மணித்தியாலம் ஒழுங்காகப் பயிற்சி எடுக்கும் பிள்ளையின் படிப்பு கெடாது. இரவு பன்னிரண்டு மணி வரை போனில் இருப்பதுதான் கெடுக்கும்.

கடைசியாக ஒரு சின்ன யோசனை. எல்லாச் சுற்றுப்போட்டியிலும் அதிக சிக்ஸருக்கு விருது கொடுக்கிறோம். அடுத்த பெருநாளில் இருந்து, கடைசி வரை ஆட்டமிழக்காமல் நின்று ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் பிள்ளைக்கும் ஒரு விருது கொடுப்போம். நாம் எதற்குக் கைதட்டுகிறோமோ, பிள்ளைகள் அதைத்தான் பழகுவார்கள்.

எந்தக் கழகம் முன்வருகிறது என்று கீழே சொல்லுங்கள். முதல் வலையைக் கட்ட நானும் வருகிறேன், இன்ஷா அல்லாஹ்.